14 அடி அலுமினியப் படகு, 600 டொலர், எங்கேயோ ஒழுக்கு: எதிலிருந்து தொடங்குவது?

கரைவலை (ஏஜக்ஸ்), ஒக்டோபர் 9

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கிழமைக்கு முன்னர் ஒன்ராறியோவில் லின்ட்சே பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த 14 அடி அலுமினியப் படகை ட்ரெய்லரோடு சேர்த்து 600 டொலருக்கு வாங்கினேன். 1974இல் புதிதாக எடுத்தது என்றார் விற்ற கிழவர். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மனைவி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்கு நீங்கள் காசு குடுத்தனீங்களோ, இல்லாட்டி கொண்டுபோகச் சொல்லி அவர் தந்தவரோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படகு முழுக்க ரிவெட் (தகடுகளைப் பொருத்துகிற ஆணி) அடித்தது. குறுக்கே மூன்று ஆசனப் பெட்டிகள். மோட்டர் பூட்டும் பின்பலகை உக்கிவிட்டது. ஸ்குரூ ட்ரைவரால் குத்தினால் தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது. போன ஞாயிறு மச்சானின் நண்பர் ஒருவரின் குளத்தில் இறக்கிப் பார்த்தோம். 40 நிமிடத்தில் இரண்டு வாளித் தண்ணீர். எல்லாம் பின்பக்கத்தில்தான் தேங்கி நின்றது. ஆகவே ஓட்டையும் பின்பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். திரும்பக் கரையில் ஏற்ற நானும் மச்சானும் ஹொக்கி விளையாடுகிற அவனுடைய இரண்டு பெடியளும் வேண்டியிருந்தது. அப்படியும் தூக்க முடியவில்லை, புல்லில் இழுத்துத்தான் கொண்டுவந்தோம்.

என் திட்டம் இதுதான். வெளியே அடிப்பக்கம் முழுக்க ரப்பர் ஸ்பிரே அடிப்பது. அதன்மேல் கடுநீலப் பெயின்ட். உள்ளே ஆசனங்களின் மட்டத்துக்குப் பலகைத் தட்டுப் போட்டு, கம்பளம் ஒட்டி, நின்றபடி தூண்டில் போட வசதி செய்வது. பின்பலகைக்கும் ட்ரெய்லரில் படகு குந்துகிற தாங்குபலகைகளுக்கும் பச்சை நிற மருந்தேற்றிய மரம் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், மலிவாக வந்தது.

ட்ரெய்லரும் நல்ல நிலையில் இல்லை. இடது சில்லு பூனை மாதிரிக் கத்துகிறது. வலது லைட் எரியும், இடது எரியாது. ரயரில் 3109 என்று ஒரு இலக்கம் இருக்கிறது, பக்கச்சுவரெல்லாம் வெடிப்பு.

எனக்குக் கணக்கியல் வேலை. சுத்தியல் பிடித்த அனுபவம் குறைவு. கராஜில் சின்ன ஹீட்டர் இருக்கிறது. மனைவியின் கார் குளிர்காலம் முழுக்க வெளியே நிற்கப்போகிறது, அந்தப் பஞ்சாயத்து தனி. மே மாதம் வாலை மீன் சீசன் திறக்கும்போது ரைஸ் லேக்கில் இறக்க வேண்டும். எதை முதலில் செய்வது?

மயிலிட்டியான் (பீற்றர்பரோ), ஒக்டோபர் 9

தம்பி, நீர் கேட்ட கேள்வியை விடப் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை என்கிறீர். மோட்டர் இல்லாத 14 அடி ரிவெட் படகு 100, மிஞ்சினால் 130 கிலோ வரும். ஹொக்கிப் பெடியள் இரண்டு பேருக்கு அது ஒரு பாரமா? மிச்சப் பாரம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்? ஆசனப் பெட்டிக்குள்ளே.

அந்தப் பெட்டிகளுக்குள் மிதவை நுரை இருக்கும். படகு தண்ணீரால் நிறைந்தாலும் தாழாமல் வைத்திருப்பது அதுதான். 50 வருடத்தில் அது ஸ்பொஞ்ச் மாதிரித் தண்ணீர் குடித்திருக்கும். குடித்த தண்ணீர் காயாது. குளிர்காலத்தில் உறையும், விரியும், ஆசனத்தின் ரிவெட்டுகளை இளக்கும். மற்ற மாதங்களில் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்து அரிக்கும். அதனால் முதல் வேலை, ஆசனத்தின் மேல்தகட்டு ரிவெட்டுகளைத் துளைத்துக் கழற்றி நுரையை வெளியே எடுப்பது. எடுத்துவிட்டு வெறும் பெட்டியாக மட்டும் விடக் கூடாது. கட்டடச் சாமான் கடையில் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் தடித்த நுரைப்பலகை விற்கிறார்களே, அதை அளவுக்கு வெட்டி நெருக்கமாக அடுக்கும். ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். எடுத்த அளவுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பெற்றோல் பட்டால் அது கரைந்துபோகும், எண்ணெய்த் தாங்கியை அதற்குப் பக்கத்தில் வையாதேயும்.

இரண்டாவது, ஒழுக்கு. தண்ணீர் பின்பக்கத்தில் நின்றால் ஓட்டையும் பின்பக்கம் என்பது சரியில்லை. படகின் தாழ்ந்த இடம் அதுதானே, எங்கே நுழைந்தாலும் அங்கேதான் வந்து சேரும். மாறிச் செய்து பாரும். படகு ட்ரெய்லரில் இருக்கட்டும். அடியில் இரண்டு மூன்று இடத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, உள்ளே தண்ணீர் விடும். 4 அங்குலம் நின்றாலே 300, 400 கிலோ பாரம், அதற்குமேல் ஆசைப்படாதேயும். பிறகு ஒரு மெழுகுப் பென்சிலோடு கீழே மல்லாந்து படுத்து, எந்த ரிவெட் அழுகிறதோ அதைச் சுற்றி வட்டம் போடும். உடனே தெரியாது, ஒரு மணித்தியாலம் பொறுத்திரும். இந்த மாதமே செய்துவிடும், நவம்பருக்குப் பிறகு தண்ணீர் உறைந்துவிடும்.

அழுகிற ரிவெட் எல்லாம் மாற்ற வேண்டியவை அல்ல. முக்கால்வாசி இளகினதுதான். வெளியே ஒருவர் பாரமான இரும்புக்கட்டியை ரிவெட்டின் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் உருண்டைத்தலைச் சுத்தியலால் அதன் வாலில் நாலைந்து தட்டுத் தட்டினால் இறுகிவிடும். பலமாக அடித்தால் சுற்றியுள்ள தகடு பள்ளமாகும். என் படகுக்கு வெளியே பிடித்தது என் மனைவி. வானொலி நாடகம் கேட்டபடி பிடித்துக்கொண்டிருந்தா, கை அசையவே இல்லை. தலை தேய்ந்துபோன ரிவெட்டை மட்டும் துளைத்து எடுத்துவிட்டுப் புதியது போடும். சாதாரண பொப் ரிவெட் வேண்டாம், அதன் நடுவில் ஓட்டை இருக்கிறது, இரும்பு ஊசி உள்ளே தங்கிக் கறளும் பிடிக்கும். முனை மூடிய வகை அலுமினிய ரிவெட் என்று கேட்டு வாங்கி, 3எம் 5200 பசையில் தோய்த்துப் போடும். அந்தப் பசை முழுதாக இறுக ஐந்து முதல் ஏழு நாள் செல்லும்.

எல்லாம் இறுகிய பின்னர், உள்பக்கம் பொருத்துகள் வழியாகக் கிளூவிட் என்ற எபொக்சிப் பசையைத் தூரிகையால் பூசும். தண்ணீர் மாதிரி ஓடி இடுக்குகளுக்குள் போகும். யாழ்ப்பாணத்தில், மயிலிட்டியில் அப்பாவின் வள்ளத்துக்குக் கலப்பத்து வைக்கிறவர் பலகைப் பொருத்தில் பஞ்சை அடித்து ஏற்றுவார். அங்கே பஞ்சு, இங்கே எபொக்சி, வேறு வித்தியாசம் இல்லை. அவரும் உள்ளே வடிவாகத் துடைக்காமல் கையை வைக்கமாட்டார். வெளியே ரப்பர் ஸ்பிரே அடிக்கிற யோசனையை விட்டுவிடும். ஒரு கல்லில் உரசினாலே உரிந்து வரும், பிறகு அந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

மூன்றாவது, அந்தப் பச்சை மரம். திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்றைக்கே கொடும். வீட்டுப் பாவனைக்கு வருகிற மருந்தேற்றிய மரத்தில் 2004 தொடக்கம் செம்புதான் பிரதான மருந்து. செம்பும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டி இருந்தால் அழிவது அலுமினியம்தான், ஒரு பற்றரிக்குள் நடக்கிற மாதிரி. என் முதலாவது படகின் பின்பலகைக்கு நானும் அந்த மரத்தைத்தான் போட்டேன். மூன்றாம் வருடம் பலகை புத்தம் புதிதாக இருந்தது, தகடு சல்லடை.

முக்கால் அங்குலப் பிளைவுட், தண்ணீருக்கு இளகாத பசையால் ஒட்டினது, இரண்டு துண்டு. எபொக்சியால் ஒட்டி ஒன்றரை அங்குலமாக்கும். பழைய பலகையை உடைத்து எறிந்துவிடாதேயும், அதுதான் உமக்கு அளவு அச்சு. விளிம்புகளுக்கு மூன்று தரம் எபொக்சி, தண்ணீர் நுழைவது விளிம்பால்தான். போல்ட் ஓட்டைகளை அளவை விடப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளையும். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது.

ஆசன மட்டத்துக்குத் தட்டுப் போடுவதும் வேண்டாம். 14 அடிப் படகில் அவ்வளவு உயரத்தில் ஒரு ஆள் நின்று, பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் இழுத்தால் படகு கவிழப் பார்க்கும். கீழே அடித்தளத்தில் பலகை போடும், அது போதும்.

நேர்வழி (பிரம்டன்), ஒக்டோபர் 10

இவ்வளவு சுத்தி வளைப்பானேன்? வெல்டிங் கடையில் கொடுத்தால் ஒரு நாளில் எல்லா ரிவெட்டையும் வெல்ட் பண்ணித் தருவார்கள். முடிந்தது கதை.

மயிலிட்டியான் (பீற்றர்பரோ), ஒக்டோபர் 10

முடியாது, தொடங்கும். அந்தத் தகடு மெல்லியது, 50 வருட எண்ணெயும் அழுக்கும் அதற்குள் ஊறியிருக்கிறது. ஒரு ரிவெட்டுக்குச் சூடு கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற மூன்று இளகும். தகடு கிழிந்திருந்தால் வெல்டிங் பற்றி யோசிக்கலாம், ரிவெட் ஒழுக்குக்கு வேண்டாம்.

சில்லுக்காரன் (மார்க்கம்), ஒக்டோபர் 11

கரைவலை அண்ணா, படகுப் பக்கம் எனக்கு அதிகம் தெரியாது. ட்ரெய்லரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

3109 என்றால் 2009ஆம் ஆண்டின் 31ஆம் கிழமை செய்த ரயர். அதில் லின்ட்சேயிலிருந்து ஏஜக்ஸ் வரை வந்திருக்கிறீர்கள், கடவுள் இருக்கிறார். இரண்டையும் உடனே மாற்றுங்கள். கார் ரயர் போடாதீர்கள், ட்ரெய்லருக்கென்று எஸ்டி என்ற குறியோடு வருகிறது.

கத்துகிற சில்லு பெயரிங். ஜாக் வைத்துத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயரிங் போய்விட்டது. ஆடாவிட்டாலும் கழற்றத்தான் வேண்டும். படகு ட்ரெய்லரில் இது ஏன் சீக்கிரம் போகிறது தெரியுமா? 100 கிலோமீற்றர் ஓடிச் சூடான ஹப்பை (பெயரிங் இருக்கிற சில்லின் நடுப்பகுதி) நேரே குளிர்ந்த ஏரிக்குள் இறக்குகிறோம். உள்ளே காற்றுச் சுருங்கும், பழைய சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால்கோப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். இறக்குகிற இடத்துக்குப் போனதும் பட்டிகளைக் கழற்றி, மீன்பிடிச் சாமானை ஏற்றி, ஒரு தேநீர் குடித்துவிட்டு இறக்குங்கள். அந்த இருபது நிமிடம் ஹப்புக்கு நல்லது.

பெயரிங்கின் விளிம்பில் இலக்கம் பொறித்திருக்கும். இந்த அளவு ட்ரெய்லரில் பெரும்பாலும் எல்44643 அல்லது எல்44649. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், முதலாவது ஒரு அங்குல அச்சுக்கு, இரண்டாவது 1 1/16 அங்குலத்துக்கு. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். வெளிவளையத்தையும் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டுக் கழலாமல் தடுக்கிற கொட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

லைட்: வெள்ளைக் கம்பிதான் தரை (ஏர்த்) இணைப்பு. அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, கறளைச் சுரண்டி, வெறும் இரும்பில் திரும்ப இறுக்குங்கள். பாதி வியாதி அதோடு போகும். மஞ்சள் இடது, பச்சை வலது, மண்ணிறம் பின்லைட். இடதுதான் எரியவில்லை என்றால் மஞ்சளைத் தேடிப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். டொக் என்று செத்த சத்தம் வந்தால் இங்கத்தைய றோட்டு உப்பு உள்ளேயிருந்து தின்றுவிட்டது. அப்படியானால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், வேறு ட்ரெய்லர் தேடுங்கள். கொக்கியின் அளவையும் பாருங்கள். ட்ரெய்லரின் 2 அங்குலக் கொக்கியைக் காரின் 1 7/8 அங்குலக் குண்டில் மாட்டினால் பூட்டினமாதிரித்தான் தெரியும், ஒரு பள்ளத்தில் துள்ளினால் கழன்றுவிடும்.

நெத்தலி (ஒஷாவா), ஒக்டோபர் 14

பெயின்ட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அந்த வேலை எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழுந்தது.

அண்ணா, 1974 பெயின்ட் என்றால் ஈயம் இருக்கக்கூடும். கடையில் ஈயம் பார்க்கிற குச்சி விற்கிறது, முதலில் அதைத் தேய்த்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் காய்ந்த நிலையில் சாணைத்தாள் போடவே வேண்டாம். வீட்டோடு ஒட்டிய கராஜ், பிள்ளைகள் வேறு இருப்பார்கள். களிம்பு மாதிரி வருகிற கழற்றியைப் பூசி ஈரமாகவே வழித்தெடுங்கள். அலுமினியத்துக்குப் பொருந்தும் என்று போத்தலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், சிலது தகட்டையே கறுப்பாக்கும். சாதாரண இரும்புக்கம்பித் தூரிகையும் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து பிறகு கறளாகப் பூக்கும்.

சுத்தம் செய்த அலுமினியத்தில் சில நிமிடத்திலேயே ஒட்சைட் படலம் வந்துவிடும். ஆகவே தேய்த்து, துடைத்து, அன்றைக்கே தன்னால் அரித்துப் பிடிக்கிற வகைப் பிரைமர் அடித்துவிடுங்கள். நாங்கள் சனி தேய்த்துவிட்டு ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய், ஞாயிறு வந்து பிரைமர் அடித்தோம். ஓகஸ்டில் தோல் உரிந்த மாதிரி வந்தது.

பாசி பிடிக்காத பெயின்ட் என்று கடையில் தந்தால் வாங்காதீர்கள், அதில் அநேகமாகச் செம்புதான். மீன்பிடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவருகிற படகுக்கு அது தேவையும் இல்லை. கடுநீலம் வடிவுதான், ஜூலை வெயிலில் ஒருதரம் அதன் விளிம்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், மோட்டர் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்கு உரிம இலக்கம் வேண்டும். அதை முன்பக்கம் இரண்டு கரையிலும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில், பெயின்ட்டுக்கு மாறான நிறத்தில் போட வேண்டும். ஓட்டுபவருக்கு அட்டை தனியாக வேண்டும், மோட்டர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

கரைவலை (ஏஜக்ஸ்), மே 19

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், வரி மாதங்கள்.

முதலில் நுரை. மூன்று பெட்டியிலிருந்தும் அள்ளியதைக் கறுப்புப் பைகளில் கட்டி, குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தேன். மொத்தம் 58 கிலோ. ஒரு முழு ஆள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத்தனை நாளும் இவர் உள்ளே இருந்தவரோ?" என்றாள்.

தண்ணீர்ச் சோதனையில் பதினொரு வட்டம் விழுந்தது. பின்பக்கத்தில் இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் நடு ஆசனத்துக்கு முன்னால் அடிமுதுகை (படகின் அடி நடுக்கோடு) ஒட்டி. ஏழு ரிவெட் தட்டியே இறுகிவிட்டன, நாலை மாற்றினேன். கட்டி பிடித்தது என் மூத்தவள், 11 வயது. நான் உள்ளேயிருந்து பலமாக அடித்தால் வெளியே இருக்கிற அவளுக்குக் கேட்கும், உடனே "அப்பா, மெதுவாக" என்பாள்.

பன்னிரண்டாவது ஒழுக்கு ரிவெட் இல்லை. பின்ஆசனத்தின் அடியில் சேற்றோடு சேறாக ஒரு சதக் காசு, 1968. எடுத்தால் அதன் கீழே பச்சைப் பூச்சு, துடைத்தால் வெளிச்சம் தெரிகிற ஊசித்துளை. மயிலிட்டியான் அண்ணா செம்பைப் பற்றி எழுதியதை நான் பாதிதான் நம்பியிருந்தேன், பச்சை மரத்தை வேலி திருத்த வைத்துக்கொள்ளலாமே என்றுதான் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அந்தக் காலத்துச் சதம் கிட்டத்தட்ட முழுச் செம்பு. உள்ளங்கையளவு அலுமினியத் தகடு வெட்டி, 5200 பூசி, சுற்றி எட்டு ரிவெட் அடித்து மூடினேன். காசைக் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பின்பலகை சொன்னபடி. முதல் தரம் ஒட்டியபோது ஹீட்டர் நின்றுபோய், எபொக்சி இரண்டு நாள் கழித்தும் தொட்டால் ஒட்டியது. எல்லாம் பிரித்துத் துடைத்துத் திரும்பச் செய்தேன், அதில் ஒரு கிழமை போனது. ட்ரெய்லரின் சட்டம் மணி மாதிரிக் கேட்டது. பெயரிங் எல்44649. இடது லைட்டுக்கு மஞ்சள் கம்பியை எலி கடித்திருந்தது. பெயின்ட், வெளிர்சாம்பல். நீலம் வேண்டுமென்று சின்னவன் அழுததால் விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு.

சனிக்கிழமை ரைஸ் லேக்கில் இறக்கினோம். கரையிலிருந்து நானும் மச்சானும் மட்டுமே தூக்கித் திருப்பினோம். மூன்று மணித்தியாலம் இருந்தோம், வாலை இரண்டு. திரும்பும்போது பின்னாலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றினால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் வந்தது. நடு ஆசனத்துக்கு முன்னால், நான் மாற்றிய நாலில் ஒன்று மெல்லக் கசிகிறது. வெளியே கொஞ்சம் 5200 பூசிவிடட்டுமா?

மயிலிட்டியான் (பீற்றர்பரோ), மே 19

பூசாதேயும். வெளியே பூசினால் அடுத்த முறை எது கசிகிறதென்று உமக்கே தெரியாது. மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு விடும், ஒக்டோபரில் துளைத்து எடுத்து, ஒரு அளவு பெரிய ரிவெட்டாகப் போடலாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை என்றால் ஒரு ஸ்பொஞ்ச் போதும். ஏரியை விட்டு வெளிக்கிட முதல் அடைப்பைக் கழற்றி வடித்து, ஒட்டியிருக்கிற பாசியையும் எடுத்துவிடும். 2022 தொடக்கம் ஒன்ராறியோவில் அது சட்டம். அடுத்த முறை இறக்க முதல் அடைப்பைத் திரும்பப் பூட்டவும் மறக்காதேயும். அந்தப் பச்சை மரத்தை வேலிக்கே போடும், ஆனால் படகை வேலியில் சாய்த்து வையாதேயும்.

வாலையைப் பொரித்தனீரா, குழம்பா?

கரைவலை (ஏஜக்ஸ்), மே 20

ஒன்று பொரியல், ஒன்று குழம்பு, அண்ணா. தலையைச் சொதிக்குப் போட்டது மனைவி. இப்போது அவள் காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பதில்லை, அடுத்த சனி எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்றுதான் கேட்கிறாள்.